துஷ்டி வீட்டுக்குப் போன காய்ச்சல்

வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கேளுங்கள். வந்து திண்ணையில் இருங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கடைசியில் வரும். நடுவில் இந்தச் செம்பருத்தி நிற்பதும் நல்லதுக்குத்தான்.

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு கல்யாணமான முதல் வருஷமே முடிந்துவிட்டது. அரிசி, பருப்பு, பிள்ளைகள் படிப்பு, பாங்கிக் கணக்கு, வீட்டு வரி, சொந்தக்காரர்களின் நல்லது பொல்லாதது எல்லாம் மனைவி பொறுப்பு. உலகத்துக்கு வரப்போகிற ஆபத்துகள் என் பொறுப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கடல் மட்டத்தைக் கவனித்து வருகிறவன் நான்தான். கீரிப்பாறைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாகர்கோவிலே கிடக்கிறது என்று மனைவி ஞாபகப்படுத்துவாள். ஆபத்து என்றால் தூரம் பார்க்கக்கூடாது.

இந்தப் பொறுப்பில் இருக்கும்போதுதான் 2024 ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தது. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல். நம்முடைய எல்லையில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் இருந்தது. அதோடு, மனிதர்களுக்கு அடுத்த பெருந்தொற்று வந்தால் ஃப்ளூ ரூபத்தில் வர வாய்ப்பு அதிகம் என்றும் போட்டிருந்தார்கள். பேப்பரை மடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"ஆலப்புழையில வாத்துக்குக் காய்ச்சலாம்."

"நம்ம வீட்டுல வாத்து இல்லியே."

"கோழி இருக்கே."

"கோழிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் முழி சரியில்ல."

முழி சரியில்லாமல் போனதற்குக் காரணம் 2020. அந்த மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மனைவி ஒரு துண்டுச் சீட்டில் பன்னிரண்டு சாமான் எழுதிக் கொடுத்து என்னை வடசேரிச் சந்தைக்கு அனுப்பினாள். போன இடத்தில் ஒருவன் பெரிய பலாச் சக்கை ஒன்றைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். எனக்குப் பாதி விலை என்ற சொல்லைக் கேட்டால் கால் நின்றுவிடும். அதை வாங்கி, பஸ்ஸில் இடம் பிடித்து, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்து, சட்டையெல்லாம் பிசினோடு வீடு வந்து சேர்ந்தேன். கீரிப்பாறையில் சக்கை மரத்திலிருந்து தானாக விழுந்தால் குனிந்து எடுக்க ஆள் கிடையாது. அந்த ஊருக்கு நாகர்கோவிலிலிருந்து சக்கை விலைக்கு வாங்கி வந்த முதல் மனிதன் நான். சீட்டில் உள்ள சாமான்களை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவு முதல் இருபத்தொரு நாள் யாரும் வெளியே வரவேண்டாம் என்று சொன்னார். மனைவி டிவியைப் பார்க்கவில்லை, சக்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பஸ் இல்லாத அந்த நாட்களில் சக்கைக் கூட்டு, சக்கைத் துவரன், சக்கைக்குரு போட்ட புளிக்கறி, சக்கை அவியல் என்று போயிற்று. எங்கள் சக்கை தீர்ந்ததும் பக்கத்து வீட்டுச் சக்கை வந்தது. பத்தாம் நாள் அது என் கனவில் முள்ளோடு வந்தது. அன்றைக்கே சபதம் எடுத்தேன்: அடுத்த தொற்று வரும்போது இந்த வீடு ஆயத்தமாக இருக்கும்.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன் நான். எதைச் செய்தாலும் முதலில் ஒரு நோட்டு வாங்கி, மார்ஜின் போட்டு, அட்டையில் பேர் எழுதினால்தான் கை ஓடும். 'பெருந்தொற்று ஆயத்தம்' என்று எழுதினேன். முதல் பக்கத்தில் சரித்திரம்.

இன்ஃப்ளுயன்சா என்பது இத்தாலிக்காரன் வைத்த பெயர். நட்சத்திரங்களின் பார்வையால் வருகிற காய்ச்சல் என்ற நினைப்பில் வைத்தானாம். இதை வாசித்துக் காட்டியபோது மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இதத்தான மருமவனே நானும் சொல்லுகேன், உங்களுக்கு ஏழரை நடக்குன்னு" என்றார்கள். இத்தாலிக்காரனும் மாமியாரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

கடந்த நூறு வருஷச் சொச்சத்தில் ஃப்ளூ நாலு தடவை உலகத்தைச் சுற்றியிருக்கிறது: 1918, 1957, 1968, 2009. இதில் 1957தான் எனக்கு நெஞ்சைத் தொட்டது. நாங்கள் திருவிதாங்கூர்ச் சீமையை விட்டுப் போராடி வந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. ஆறு மாசம் கழித்து, 1957 மே மாதம், சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலில் ஆசியக் காய்ச்சல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து நாடெல்லாம் பரவியது. புது மருமகள் வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றச் சொல்வார்கள். எங்களுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

1918ஐப் பற்றி விளையாட்டாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டியது, கொஞ்சம் அடங்கினது போல இருந்து, செப்டம்பரில் திரும்பி வந்தது. இந்த ஒரு நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போய்விட்டார்கள். கிழடுகளை விட்டுவிட்டு, இருபதிலிருந்து நாற்பது வயது வரை வேலைக்குப் போகிற ஆண்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் அதிகமாகக் கொண்டுபோனது. அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடிக்கவே இன்னும் பதினைந்து வருஷம் ஆயிற்று. அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்து, மனைவியிடம் சொல்லாமல் ஒரு கட்டங்காப்பி போட்டுக் குடித்தேன். அதிலும் சீனிக்குப் பதில் உப்பு.

இரண்டாம் பக்கம் சாமான் பட்டியல். முப்பத்தேழு உருப்படி. இந்தத் தடவை யாரும் அனுப்பாமல் நாகர்கோவிலுக்கு நானே போனேன். மருந்துக் கடையில்தான் முதல் அடி.

கடைக்காரப் பையனிடம் ஃப்ளூவுக்கு உள்ள அந்த வைரஸ் மாத்திரை பத்து அட்டை கேட்டேன்.

"யாருக்கு அண்ணாச்சி காய்ச்சல்?"

"இன்னும் வரல்ல."

"பெறவு?"

"வரும்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வந்த பெறவு டாக்டர் சீட்டோட வாங்க. காய்ச்சல் தொடங்கி ரெண்டு நாளைக்குள்ள சாப்பிட்டாத்தான் அதுக்குக் குணம். முன்னக்கூட்டி வாங்கிப் பரண்ல போட இது என்ன புளியா?" என்றான். சரி, இரண்டு அட்டை ஆன்டிபயாட்டிக்காவது கொடு என்றேன். அது பாக்டீரியாவுக்கு உள்ளது, வைரஸ் கிட்டே அது செல்லாது, சும்மா விழுங்கினால் பின்னால் தேவைப்படும்போது கேட்காது என்று ஒரு பாடம் நடத்தினான். பின்னால் நின்ற நாலு பேரும் கேட்டுப் பயனடைந்தார்கள். கௌரவத்தைக் காப்பாற்ற ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்று நூறு கையுறை உள்ள ஒரு டப்பாவை எடுத்தேன்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"கீரிப்பாறை."

பையன் டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினான். இயற்கை ரப்பர் என்று போட்டிருந்தது. என் வீட்டு முற்றத்தில் நின்று எந்தப் பக்கம் கல்லெறிந்தாலும் பால் வெட்டுகிற மரத்தில்தான் விழும். முன்பு சக்கை, இப்போது ரப்பர். இனி அடுத்த தடவை மலையிலிருந்து இறங்கி வந்து கிராம்பும் தேனும் வாங்கிப் போனால் கணக்கு நேராகிவிடும்.

அரிசி மூட்டைக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். தடிக்காரன்கோணம் தாண்டியதும் மூட்டையின் மூலை பிரிந்தது. பஸ் ஒவ்வொரு வளைவிலும் என் ஆயத்தத்தைப் படிக்கட்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்கு விநியோகித்துக்கொண்டே மலையடிவாரம் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும் புறவாசல் சாய்ப்பில் அடுக்கினேன். முன்பு விறகும் தேங்காயும் கிடந்த இடம். அலமாரி, வரிசை எண், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "இங்க மழைக்குத் தீப்பெட்டியே ஊறும்" என்று மட்டும் சொன்னாள். நான் சிரித்தேன். இரண்டு மழைக்காலமும் வந்து போகிற ஊர் எங்களுடையது. ஆனி ஆடிச் சாரல் முடிந்து கதவைத் திறந்தபோது உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாக இருந்தன. பிளீச்சிங் பவுடர் டப்பாவிலிருந்து கசிந்த நெடியில் பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டி துருப்பிடித்து, கையை வைத்தால் கை உள்ளே போயிற்று. அரிசியில் வண்டு. அது நடுங்காமல் தும்மாமல் நல்ல ஆரோக்கியமாக இருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் அரிசியை முறத்தில் கொட்டி வெயிலில் போட்டாள். புடைத்து, காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டு, அவளுடைய பழைய பானைக்குள் கட்டினாள். அந்தப் பானைகளை அப்போதுதான் கவனித்தேன். பயறு, உளுந்து, கருப்பட்டி, சுக்கு, புளி, கருவாடு என்று வரிசையாக இருந்தன. ஒன்றிலும் சீட்டு ஒட்டவில்லை. நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கின்றனவாம்.

மிஞ்சியதில் எனக்குப் பெருமை தந்தது விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கிற அந்தச் சின்னக் கருவி. 2021இல் ஊரெல்லாம் அலைந்தாலும் கிடைக்காத பொருள். ஒரு காலையில் கிணற்றடியில் பல் தேய்த்து, கை கால் கழுவி வந்து, விரலை நுழைத்தேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. எண் ஓடி ஓடி 88இல் நின்றது.

தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று என் நோட்டிலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குக் கண் இருட்டியது. திண்ணையில் சாய்ந்து, பாங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அது அவளுக்குத்தான் தெரியும். ஆகவே வேறு ஏதாவது கடைசி வார்த்தை தேடினேன். அவள் மாவரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி கெடக்கு" என்று சொல்லி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற நாலு தேய்ப்புத் தேய்த்து, கருவியைத் திரும்ப மாட்டினாள். 98.

"குளுந்த கையில வச்சா அது சரியாக் காட்டாது. தாள்ல போட்டிருக்குல்லா" என்றாள். டப்பாவுக்குள் இருந்த அந்தத் தாளை நான் ஏழாய் மடித்து அலமாரியின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

வீட்டில் தோற்றவனுக்கு ஊர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக்காரர்களைக் கூட்டினேன். பதினாலு பேர் வந்தார்கள். வடை உண்டு என்று மாமியார் சொல்லியிருந்தார்கள். நான் நோட்டைப் பிரித்து, பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுகளின் கதையைச் சொன்னேன். 1918 நவம்பரில் நியூசிலாந்திலிருந்து ஒரு கப்பல் மேற்கு சமோவாவுக்கு வந்தது. காய்ச்சல்காரர்களை இறங்க விட்டார்கள். கொஞ்ச வாரத்தில் அங்கே ஐந்தில் ஒருவர் போய்விட்டார். பக்கத்திலேயே அமெரிக்க சமோவா. அங்கே கவர்னர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

"நம்ம ஊரும் ஒரு தீவு மாதிரிதான்" என்றேன். "பின்னால மலை, காடு. முன்னால தடிக்காரன்கோணம் ரோடு ஒண்ணு. அதை அடைச்சிட்டா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பால் வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா எழுந்து, "ரோட்டை அடைச்சா மேல காளிகேசத்துக்குக் குளிக்க வாற கூட்டம் நிக்கும். அது நல்லது. கீழ ரப்பர் ஷீட்டு வாங்க வாற வண்டியும் நிக்குமே, அப்ப சம்பளம் யாரு தருவா, நீங்களா?" என்று கேட்டாள். இன்னொரு பெரியவர், "இதெல்லாம் இருக்கட்டும், ஆனை வருதே, அதுக்கு உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கு?" என்றார். நோட்டில் ஆனை இல்லை. அதற்குமேல் அந்த நோட்டுக்கு மரியாதையும் இல்லை.

விடாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். தெருவில் தனியாக இருக்கிற வயசானவர்கள் யார், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார், மாசமாக இருக்கிற பெண்கள் யார், கைக்குழந்தை எத்தனை என்று ஒரு கணக்கு எடுக்கவேண்டும், அதற்கு நான் நாலு பத்தி போட்டு அட்டவணை தயாரித்திருக்கிறேன் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற பெண் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் கொண்டு கொடுக்கிறார்கள் அல்லவா, அதில் ஒருத்தி. பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் கேட்ட நாலு பத்தியும் அதில் இருந்தன. நான் யோசிக்காத மூன்றும் இருந்தன. அவள் பக்கத்தைப் புரட்டும் முன்பே மாமியார் வடை மாவைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்கள்: கடைசி வீட்டு ஆச்சிக்குக் காது கேட்காது, கதவைத் தட்டினால் போதாது, ஜன்னல் வழியாகத் துணியை ஆட்டவேண்டும். மேட்டு வீட்டுக்காரருக்கு மாத்திரை இருக்கிறது, விழுங்க மறந்துவிடுவார். வளைவு வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த மாசம் பேறு. இப்படிப் பதினெட்டு வீடும் மூச்சு விடாமல் வந்தன.

நான் என் அட்டவணையை மடித்தேன். அதில் வடை வைத்துக் கொடுத்தார்கள்.

சரி, இப்போது வேலிக் கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ராத்திரி எனக்குத் தொண்டை கரகரத்தது. விடியற்காலை முதுகெலும்பு வழியாக ஒரு குளிர் இறங்கியது. மேல் முழுக்க அடித்துப் போட்டது போல வலி. மூன்று தெர்மாமீட்டரில் வேலை செய்த ஒன்றில் நூற்றிரண்டு. சாய்ப்புக்குள் போய்ப் படுக்கவேண்டியதுதான் முறை. காய்ச்சல்காரன் ஒதுங்கிப் படுக்கவும் சேர்த்துத்தான் அந்த அறை. ஆனால் ஏழு மணிக்குப் போன் வந்தது. அழகியபாண்டியபுரத்தில் தூரத்து மாமா ஒருவர் காலமாகிவிட்டார்.

நாஞ்சில் நாட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு அழைத்தால் போகவேண்டும், போகாவிட்டால் மொய்யைக் கொடுத்தனுப்பித் தப்பிக்கலாம். துஷ்டிக்கு அழைக்காமலே போகவேண்டும். போகாவிட்டால் அது மூன்று தலைமுறைக்கு வட்டி போடும்.

"காய்ச்சலோட எங்க போறியோ?" என்றாள் மனைவி. ஒரு பாரசெட்டமால் போட்டு அரை மணி நேரத்தில் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். வேர்த்து, குளிர்ந்திருந்தது. "பாரு, காய்ச்சல் போச்சு."

"மாத்திரை போனா வரும்" என்றாள். நான் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். நெரிசலான பஸ்ஸில் மழைக்காக எல்லா ஷட்டரும் இறக்கியிருக்க, நடுவில் நின்று இருமினேன். பந்தலில் ஆண்கள் வரிசையாக இருந்த பெஞ்சில், துஷ்டி கேட்கிற முறைப்படி, ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்தேன். பிடிப்பதற்கு முன்னால் எந்தக் கையை வாயில் வைத்து இருமினேனோ அந்தக் கை. நூறு கையுறையும் அறுபது மாஸ்கும் கீரிப்பாறைச் சாய்ப்பில் பத்திரமாக இருந்தன. கட்டங்காப்பி குடித்தேன். உடலை எடுக்கும் வரை சும்மா இருக்கமுடியாமல், பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஃப்ளூப் பெருந்தொற்று எப்படிப் பரவும் என்று சொற்பொழிவாற்றினேன். நல்ல கூட்டம். நெருங்கி உட்கார்ந்து கேட்டார்கள்.

ஃப்ளூ உடம்புக்குள் போய் வெளியே தெரிய பொதுவாக இரண்டு நாள் ஆகும். எனக்கு அது நோட்டில் தெரியும். மூன்றாம் நாள் காலை முதல் போன். செத்துப்போன மாமாவின் மருமகன். மத்தியானம் பந்தல்காரர். சாயங்காலம் என் மைத்துனன். அடுத்த நாள் எங்கள் தெருவில் இரண்டு வீடு. நான் படுத்த படுக்கையில் நோட்டை எடுத்து மார்ஜின் போட்டு எழுதினேன். கையைப் பிடித்தவர், சொற்பொழிவு கேட்டவர், பஸ் என்று மூன்று பத்தி. பஸ்ஸில் எத்தனை பேர் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். மற்றது பதினொன்று. ஊருக்குத் தொற்று வந்தால் எந்த வழியாக வரும் என்று ஆறு மாசம் ஆராய்ச்சி செய்தவன் கடைசியில் கண்டுபிடித்தது, நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் தேடும் ஒரு ரிட்டையர்டு கிளார்க்கை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். சளிக்காய்ச்சல் வகைதான், பயப்படவேண்டாம், ஆனால் உங்கள் வயசுக்கு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குறைந்த காய்ச்சல் திரும்பி ஏறினாலோ நூற்றெட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்றார். அடுத்த வருஷத்துக்கு ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியும் வருஷா வருஷம் போடவேண்டும் என்றார். பிறகு, "எத்தனாவது நாள் வெளியே போனீங்க?" என்று கேட்டார்.

"முதல் நாளே."

"மாத்திரை போட்டுக்கிட்டா?"

"ஆமா."

"மாத்திரை காய்ச்சலை மறைக்கும், வைரஸை மறைக்காது. மாத்திரை இல்லாம ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருந்த பிறகுதான் வெளியே போகணும்." இதை அவர் என்னைத் திட்டாமல் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆக, சாய்ப்புக்குள் போனேன். எந்தக் காலத்துக்காக ஆயத்தம் செய்தேனோ அந்தக் காலம் வந்தாயிற்று. கருவியின் பாட்டரி தீர்ந்திருந்தது. சானிடைசர் பாட்டிலை இறுக்கி மூடாததில் ஸ்பிரிட் பறந்து வெறும் வாசனைத் தண்ணீராக இருந்தது. முப்பத்தேழு உருப்படியில் உதவியது மூன்று: சோப்பு, பாரசெட்டமால், ஜன்னல். ஜன்னல் பட்டியலில் இல்லை. மனைவி வந்து திறந்துவிட்டாள், காற்றோட்டம் வேண்டும் என்று.

அப்புறம்தான் அந்தச் சத்தம். புறவாசல் மதிலில் 'டொக் டொக்' என்று சிரட்டை தட்டுகிற சத்தம், மரத்தில் பால் வழிகிற அந்தச் சிரட்டைதான். எட்டிப் பார்த்தால் மதில்மேல் ஒரு தூக்குவாளி. சத்தம் போட்ட ஆள் பத்தடி தள்ளி ரப்பர் மரத்தடியில் முக்காடு போட்டுக்கொண்டு, "பயறுக் கஞ்சியாக்கும், சூடு ஆறதுக்கு மின்ன குடியுங்க" என்றது. கூட்டத்தில் சம்பளம் கேட்ட அந்த அக்கா. அவள் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல், என்னிடமிருந்து போனதுதான். மறுநாள் சுக்குக் காப்பி வேறொரு வீட்டிலிருந்து. அதற்கடுத்த நாள் எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்கு உளுந்தங்கஞ்சி. தட்டு, வை, தள்ளி நில். யார் இந்த ஏற்பாட்டைச் செய்தது, எப்போது கூட்டம் போட்டார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். "2020இல இதுதான நடந்துச்சு? நீங்க சக்கையத் தின்னுக்கிட்டு டிவி பார்த்தீங்க" என்றாள்.

ஒரு வழியாக எல்லோருக்கும் சரியாகிவிட்டது. கடைசி வீட்டு ஆச்சிக்குத் தொற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலில் துணியை ஆட்டி, கஞ்சியை வைத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினார்கள். அந்த ஒரு பெயர் என் பதினொன்றில் இல்லாததற்கு நான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்பதை நோட்டில் எழுதவில்லை. மார்ஜினுக்குள் அடங்காது.

மாமாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்தில் மாமியார் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். என்னைக் கைகாட்டித்தான் கொண்டு வந்தார்கள். இனி எங்கள் சொந்தத்தில் காய்ச்சல்காரர்கள் துஷ்டிக்கு வரவேண்டாம். வராததைக் குறையாக யாரும் பேசக்கூடாது. பதினாறுக்கு வந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடும் நன்றாக இருக்கும். பந்தலில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு மனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

என் முப்பத்தேழு உருப்படிப் பட்டியலில் இந்தச் சட்டம் இல்லை. காசு செலவில்லாத ஆயத்தம் அது ஒன்றுதான். அரிசி வாங்கி வைக்கலாம், மாத்திரை வாங்கி வைக்கலாம். காய்ச்சலோடு வீட்டில் இருப்பவனை 'வரல்ல பார்த்தியா' என்று சொல்லாத ஊரை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது, முன்னக்கூட்டியே பேசித்தான் வைக்கவேண்டும். உங்கள் வீட்டிலும் பேசி வையுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்ன காரணம் கேட்டீர்கள் அல்லவா? இன்று காலையிலிருந்து லேசாகத் தொண்டை கரகரக்கிறது.